ஜூன் 4 முடிவும் எங்கள் எல்லையோர ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. பத்துக் கிலோமீட்டருக்குள் வேலந்தாவளம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் கோவை மாவட்டம். வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் நிரப்புவது மலையாளம். 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்து மூன்று வாரம் ஆகியும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பொள்ளாச்சி, திருப்பூர், சென்னை உறவினர்கள் போனில் கேட்பதும் அதேதான். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முடிவில் அப்படி என்ன ஆச்சரியம்? அதே பிரதமர்தானே மறுபடியும் வந்தார்?

வந்தார். ஆனால் எப்படி வருவார் என்று நினைத்திருந்தோம், எப்படி வந்தார் என்பதில்தான் ஆச்சரியம். 2019-இல் பா.ஜ.க. தனியாக 303 இடம் பிடித்தது. இந்த முறை கூட்டணியோடு 400-ஐத் தாண்டுவோம் என்பதே அவர்களுடைய முழக்கம். கிடைத்தது பா.ஜ.க.வுக்கு 240, கூட்டணியாக 293. தனிப் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். ஆக, ஆந்திரத்தில் 16 இடம் வென்ற தெலுங்கு தேசமும், பீகாரில் 12 இடம் வென்ற ஐக்கிய ஜனதா தளமும் கை கொடுத்துத்தான் ஆட்சி அமைந்தது. எதிர்ப்பக்கம் காங்கிரஸ் 52-இலிருந்து 99-க்கு ஏறியது, இந்தியா கூட்டணி மொத்தம் 234.

வென்றவர்கள் முகத்தில் முழுச் சிரிப்பு இல்லை, தோற்றவர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். என் வயதில் நான் பார்த்த தேர்தல்களில் இப்படி ஒரு சாயங்காலம் இருந்ததில்லை.

கருத்துக்கணிப்பு எல்லாமே ஒரே மாதிரி சொன்னதே, எப்படித் தப்பியது?

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1. அன்று மாலை ஆறரை மணிக்குக் கணிப்புகளை வெளியிடுவதற்கான தடை நீங்கியதும் சேனல்கள் வரிசையாக அறிவித்தன. பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, சில 400-ஐயும் தொட்டன. தமிழ்நாட்டில் பா.ஜ.க.வுக்கு இரண்டு மூன்று இடமாவது கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது பூஜ்ஜியம். உத்தரப் பிரதேசத்தில் 2019-இல் 62 வென்ற கட்சி இப்போது 33-க்கு இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அயோத்தி இருக்கிற ஃபைசாபாத் தொகுதியையே சமாஜ்வாதி கட்சி பிடித்துவிட்டது.

ஏன் தப்பியது என்பதற்கு நிபுணர்கள் பல காரணம் சொல்லலாம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் கடையில் நின்ற ஒருவரிடம் இன்னொருவர் "யாருக்குண்ணா இந்தத் தடவை?" என்று கேட்டார். கேட்டவர் ஒரு கட்சியின் பூத் கமிட்டியில் இருக்கிறவர் என்று ஊருக்கே தெரியும். "உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ரேஷன் கார்டு நகலை வாங்கிக்கொண்டு போனார். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதில் மனதிலிருந்து வந்ததில்லை என்று பக்கத்தில் நின்ற எனக்கே புரிந்தது. முகம் தெரிந்தவரிடமே இப்படி என்றால், முன்பின் தெரியாதவர் வந்து கேட்டால், அதுவும் ஓட்டைப் பற்றிப் பேசப் பயப்படுகிற ஊர்களில் கேட்டால், என்ன பதில் வரும்?

பா.ஜ.க.வின் வாக்கு சதவீதம் பெரிதாகக் குறையவே இல்லை என்கிறார்களே. அப்புறம் எப்படி 63 இடம் போனது?

உண்மைதான். 2019-இல் 37 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, இப்போது 36.6. ஒரு சதவீதம்கூட முழுதாகக் குறையவில்லை.

நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்தத் தொகுதி முழுவதும் உங்களுடையது. பத்து வார்டு உள்ள பஞ்சாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் மூன்றாகப் பிரிந்து நிற்கும்போது நாற்பது சதவீதம் வாங்கினால் பத்திலும் ஜெயிக்கலாம். அதே எதிரிகள் கைகோத்துவிட்டால் அதே நாற்பதோடு பத்திலும் தோற்கலாம். உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதியும் காங்கிரசும் சேர்ந்தபோது நடந்ததில் பெரும்பங்கு இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி வாங்கியது சுமார் 47 சதவீதம், பிடித்தது 39-க்கு 39. அ.தி.மு.க. கூட்டணிக்கு 23 சதவீதம், பா.ஜ.க. அணிக்கு 18 சதவீதம். இரண்டு அணிக்கும் ஒரு இடம்கூட இல்லை. அதாவது தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போட்ட ஓட்டு டெல்லிக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. "தமிழ்நாடே ஒரே குரலில் சொல்லிவிட்டது" என்று என் மைத்துனர் பெருமையோடு சொன்னபோது எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு அடுத்த வீட்டுக்காரரே வேறு குரலில் சொல்லியிருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை எந்தத் தொகுதி? பாலக்காடு இல்லையா?

மாவட்டம் பாலக்காடு, மக்களவைத் தொகுதி ஆலத்தூர். சித்தூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிற எங்கள் ஊர்கள், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் ஆலத்தூருக்குள்தான் வருகின்றன. இந்தத் தொகுதி நெம்மாறை, தரூர், ஆலத்தூர் வழியாகத் திருச்சூர் மாவட்டத்துச் சேலக்கரை, வடக்காஞ்சேரி, குன்னங்குளம் வரை நீளும்.

அப்படியானால் கேரளத்தில் இடதுசாரிகள் வென்ற ஒரே இடம் உங்களுடையதா?

ஆமாம். இருபதில் பதினெட்டு காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு, ஒன்று பா.ஜ.க.வுக்கு, மிச்சம் ஒன்று எங்களுடையது. 2019-இலும் இடது முன்னணிக்கு ஒன்றே ஒன்றுதான், அப்போது அது ஆலப்புழை. இந்த முறை அது கை மாறி இங்கே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையான திருப்பம் இருக்கிறது. 2019-இல் இதே ஆலத்தூரில் காங்கிரசின் ரம்யா ஹரிதாஸ் 1,58,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். ஐந்து ஆண்டில் அவ்வளவும் கரைந்து, மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ராதாகிருஷ்ணன் 20,111 ஓட்டில் ஜெயித்தார். மாநிலம் முழுக்க அலை ஒரு பக்கம் அடிக்க, இங்கே மட்டும் எதிர்ப்பக்கம் போனது.

என் கணிப்பு, வேட்பாளர்தான் காரணம். அவர் மந்திரியாக இருந்தவர், அதற்கு முன்பு சபாநாயகர், சேலக்கரையில் பல முறை எம்.எல்.ஏ. இருந்தும் சத்தம் போடாத மனிதர் என்ற பெயர் கட்சி கடந்து இருக்கிறது. "கட்சிக்குப் போடலை, அவருக்குப் போட்டேன்" என்று காங்கிரஸ் குடும்பத்துக்காரர் ஒருவரே என் கடையில் சொன்னார். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக வந்த பா.ஜ.க. வேட்பாளர் 1,80,000-க்கு மேல் வாங்கியிருக்கிறார். அந்த ஓட்டு யாரிடமிருந்து போனது என்று இரண்டு முன்னணியும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிப்பதாகத் தெரியவில்லை.

கோவையில் காங்கிரசும் கம்யூனிஸ்ட்டும் ஒரே மேடை. உங்கள் ஊரில் எப்படி எதிரெதிர்? மக்களுக்குக் குழப்பமாக இல்லையா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

தமிழ்நாட்டில் ஓட்டு ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. நடுவில் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. திருப்பூரிலிருந்து வந்த மாமா பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். இடது ஆள்காட்டி விரலில் மை இன்னும் கருப்பாக இருந்தது. திருப்பூரில் தி.மு.க. கூட்டணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் நின்றார். மாமா கட்சிக்காரர். ஒரு மாதமாகக் காங்கிரஸ்காரர்களோடு ஒரே வேனில் போய் ஓட்டுக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கள் சின்ன மாமா. இந்தப் பக்கத்து 'சகாவு', அதாவது கம்யூனிஸ்ட் தோழர். அவருக்கு அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கூட்டம் இருந்தது, காங்கிரசை எதிர்த்துப் பேச.

"நாங்க ராகுல் படம் போட்ட நோட்டீஸ் குடுத்தோம் மாப்ளே" என்றார் திருப்பூர் மாமா. "நாங்க அவரு வயநாட்டுல எதுக்கு நிக்கிறாருன்னு கேட்டு நோட்டீஸ் குடுத்தோம்" என்றார் சின்ன மாமா. வயநாட்டில் ராகுலை எதிர்த்து நின்றது திருப்பூர் மாமாவின் சொந்தக் கட்சி வேட்பாளர்தான். இரண்டு பேர் இலையிலும் பாயசம் ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தேங்காய் விலைக்குப் பேச்சு மாறியது.

குழப்பமா என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான். எங்களுக்கு இது பழகிப்போனது. கேரளத்தில் போட்டி என்றாலே அந்த இரண்டு முன்னணிதான். அவர்கள் சேர்ந்துவிட்டால் எதிர்க்கட்சி இடம் மூன்றாமவருக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் இரண்டு கட்சியும் தி.மு.க. என்ற பெரிய மரத்தின் நிழலில் நிற்கின்றன. ஒரே கட்சி, இரண்டு ஊர், இரண்டு வேலை.

முடிவு வந்தபோது இந்தக் கதைக்கு ஒரு முத்தாய்ப்பும் கிடைத்தது. மார்க்சிஸ்ட் கட்சி நாடு முழுவதும் வென்றது நான்கு இடம். மதுரை, திண்டுக்கல், ராஜஸ்தானின் சீகர், ஆலத்தூர். முதல் மூன்றும் காங்கிரசோடு கூட்டணி வைத்து வென்றவை. காங்கிரசைத் தோற்கடித்து வென்றது ஆலத்தூர் மட்டும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்ற இரண்டுமே தமிழ்நாட்டில், திருப்பூரும் நாகப்பட்டினமும். இதைச் சின்ன மாமாவிடம் சொன்னேன். "அப்ப நாங்க நிக்கிறது உங்க தமிழ்நாட்டாலயா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், மறுநாள் வந்து அந்த நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

சித்தூர் எம்.எல்.ஏ. கட்சி டெல்லியில் பா.ஜ.க.வோடு இருக்கிறதாமே?

2024 தேர்தல் சமயத்தில் எங்கள் எம்.எல்.ஏ. கே. கிருஷ்ணன்குட்டி, அப்போதைய மாநில மின்சார மந்திரி, மதச்சார்பற்ற ஜனதா தளம். அந்தக் கட்சியின் கர்நாடகத் தலைமை 2023-இல் பா.ஜ.க. கூட்டணிக்குப் போனது. அதன் தலைவர்களில் ஒருவரான குமாரசாமி 2024-இல் மத்திய மந்திரியானார். கேரளப் பிரிவு எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லி அப்போது இடது முன்னணியிலேயே நின்றது. சட்டப்படி இது எவ்வளவு நாள் ஓடும் என்பது வேறு விஷயம். வாக்காளருக்கு இதைத் தெளிவாக விளக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. இதுவரை எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் போட்டு யாரும் விளக்கவில்லை.

டிவியில் "சித்தூரில் தெலுங்கு தேசம் முன்னிலை" என்று வந்ததே?

அது ஆந்திரத்துச் சித்தூர். அன்றைக்குக் காலை இதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து அத்தை பதறிப்போய்க் கூப்பிட்டார். இரண்டு ஊருக்கும் தமிழில் ஒரே எழுத்துத்தான், என்ன செய்வது.

அந்தச் சித்தூர்ப் பக்கமும் தமிழர்கள் நிறைய. அங்கே மக்களவையோடு சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்தது. 2019-இல் 175-க்கு 151 வென்ற ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் இந்த முறை 11-க்கு விழுந்தது. எங்கள் முடிவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த மாவட்டத்துக் குப்பம் தொகுதி எம்.எல்.ஏ. சந்திரபாபு நாயுடு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற எல்லைத் தொகுதி அது. மத்திய அரசு நிற்பதும் விழுவதும் இப்போது அவர் கட்சியின் கையிலும் இருக்கிறது.

திருச்சூரில் சுரேஷ் கோபி வென்றதற்கு உங்கள் பக்கம் என்ன சொன்னார்கள்?

கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போகிற முதல் பா.ஜ.க. உறுப்பினர் அவர். வித்தியாசம் 74,686. இரண்டாவதாக வந்தது இந்தியக் கம்யூனிஸ்ட், காங்கிரஸ் மூன்றாவது. அன்று மாலை எங்கள் கடைவீதியில் வெடித்த முதல் பட்டாசு ஆலத்தூருக்கு, இரண்டாவது திருச்சூருக்கு. நடிகர் என்பதால் என்று சிலர் சொல்கிறார்கள். அது மட்டும் இல்லை. அவர் இதே திருச்சூரில் 2019-இல் தோற்றார், 2021 சட்டமன்றத் தேர்தலிலும் தோற்றார். தோற்ற பிறகும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. எனக்கு அந்தக் கட்சியின் கொள்கை உடன்பாடு இல்லை, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

முடிவு நாளில் செக்போஸ்ட் பக்கம் நிலைமை எப்படி?

அமைதிதான். டாஸ்மாக்கும் மூடல், கள்ளு ஷாப்பும் மூடல். காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு என் கடை டிவி முன்னால் நிற்க இடமில்லை. பாதிப் பேர் மலையாளச் சேனல் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் தமிழ்ச் சேனல். கடைசியில் டிவியில் மலையாளம், என் கம்ப்யூட்டரில் தமிழ் என்று இரண்டையும் ஓட விட்டேன். ஒன்றில் ஆலத்தூர், ஒன்றில் கோவை. கோவையில் அண்ணாமலை 1,18,068 ஓட்டில் பின்தங்கித் தோற்றது இங்கேயும் பெரிய பேச்சு. தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இங்கே ஏராளம், அந்தப் பிரசாரத்தை நேரில் பார்த்தவர்கள்.

தோற்ற கட்சிக்காரர்களைக் கேலி செய்து மீம்ஸ் போடுவது தப்பா?

கேலி இல்லாத தேர்தல் கிடையாது. ஆனால் எனக்கு ஒரு எல்லை உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஆட்டின் கழுத்தில் தோற்ற தலைவரின் படத்தை மாட்டி நடுரோட்டில் வெட்டிய வீடியோ அந்த வாரம் எல்லோர் போனிலும் சுற்றியது. கூடவே குழந்தைகளும் நிற்கிறார்கள். அதை எங்கள் குடும்ப குரூப்பில் ஒருவர் சிரிப்புப் படத்தோடு போட்டார். நான் அதை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. பரவாயில்லை. இன்னொரு முறை போட்டாலும் எடுக்கத்தான் சொல்வேன்.

இங்கே தோற்ற கட்சிக்கு பூத்தில் உட்கார்ந்த பையன் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அதே பால் சொசைட்டியில் கேனோடு வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்கிறவர் ஜெயித்த கட்சி. எல்லையில் இருக்கிற எங்களுக்கு ஊர் சின்னது, ஓடிப்போக இடம் கிடையாது.

வோட்டிங் மிஷினில் தில்லுமுல்லு செய்திருந்தால் முடிவு இப்படி வந்திருக்குமா?

இதே கேள்வியை ஜூன் 3 வரை ஒரு பக்கத்தார் கேட்டார்கள், ஜூன் 5-க்குப் பிறகு இன்னொரு பக்கத்தார் கேட்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். முடிவு பிடித்தால் மிஷின் நல்லது, பிடிக்காவிட்டால் மோசம் என்று ஆகிவிடக் கூடாது. சரிபார்ப்பு எப்போதும் வேண்டும், ஜெயித்தாலும் வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவு. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியாக ஏழு விநாடி ஒரு சீட்டு தெரியும். சின்னம் சரியாக இருக்கிறதா என்று அந்த நேரத்தில் பாருங்கள், அவசரப்படாதீர்கள். எண்ணும்போது ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கலில் எடுத்த ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி மிஷின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது ஏப்ரல் 26 அன்று. நாங்கள் நாற்பது டிகிரி வெயிலில் வரிசையில் நின்ற அதே நாள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர்கள் கேட்டால், முடிவு வந்த ஏழு நாளுக்குள் மனு கொடுத்துக் குறிப்பிட்ட அளவு மிஷின்களைச் சோதிக்க வைக்கலாம் என்று அதே தீர்ப்பில் வழி செய்தது. முடிவையே எதிர்த்து வழக்குப் போட வேண்டுமானால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பங்குச் சந்தை ஏன் அப்படி விழுந்தது?

கருத்துக்கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் எண்ணிக்கை ஓட ஓட 4,390 புள்ளி இறங்கியது. கூட்டணிக் கட்சிகள் ஆதரவு உறுதியானதும் மூன்றே நாளில் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் பயந்து விற்றவர்களுக்குத்தான் நஷ்டம். எங்கள் தெருப் பையன் ஒருவன் கோவையில் ஐ.டி. வேலை, திங்கட்கிழமை வாங்கிச் செவ்வாய்க்கிழமை மதியம் விற்றான். எவ்வளவு போனது என்று அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 2004 மே மாதத்திலும் இதே மாதிரி சந்தை சரிந்து, ஒருநாள் நடுவிலேயே வர்த்தகத்தை நிறுத்தினார்கள்.

இதற்கு முன்பு இப்படி யாரும் எதிர்பார்க்காத முடிவு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2004-ஐச் சொன்னேனே, அப்போது 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரம் செய்து முன்கூட்டியே தேர்தலுக்குப் போன வாஜ்பாய் அரசு தோற்றது. காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. அந்த முறை தமிழ்நாட்டில் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி முப்பத்தொன்பதையும் அள்ளியது. இந்தப் பக்கம் கேரளத்தில் காங்கிரசுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, இடது முன்னணிக்கு 18. ஆக, டெல்லியில் காங்கிரஸ் ஜெயித்த நாளில் எங்கள் ஊர்க் காங்கிரஸ்காரர்கள் அழுதார்கள், கோவைக் காங்கிரஸ்காரர்கள் ஆடினார்கள்.

அதற்கும் முன்னால் 1977. நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த தேர்தல். இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஒரு இடமும் இல்லை. ஆனால் ஆந்திரத்தில் 42-க்கு 41 காங்கிரஸ், கேரளத்தில் காங்கிரஸ் அணிக்கு 20-க்கு 20, தமிழ்நாட்டிலும் அ.தி.மு.க., காங்கிரஸ் கூட்டணிக்கே பெரும்பாலான இடம். எங்கள் அப்புச்சி அப்போது இங்கே பள்ளிக்கூட வாத்தியார். ரேடியோவில் "இந்திரா காந்தி தோல்வி" என்று கேட்டதும், ஊரில் ஜெயித்த காங்கிரஸ்காரர்கள் ஊர்வலத்துக்கு வாங்கி வைத்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்களாம். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம், நெருக்கடி நிலையின் கொடுமை எங்களுக்கு ஏன் அவ்வளவு உறைக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பேப்பரில் வரவில்லை, அதனால் தெரியவில்லை என்பதே அவருடைய பதில்.

புது எம்.பி. வந்ததால் ஆளியாறு தண்ணீர் ஒழுங்காக வருமா?

சங்கடமான கேள்வி, ஏனென்றால் எங்களுக்கு உண்மையான கேள்வி இதுதான். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். அது சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்கு. கடைமடையில் இருக்கிற எருத்தேம்பதி, வடகரப்பதித் தோட்டங்களுக்கு அது வந்து சேருவது பெரும்பாடு. இந்தக் கோடையில் தென்னை மட்டை காய்ந்து தொங்கியதை வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் இரண்டு மாநில அரசுகள் பேசி முடிக்கிற விஷயம். இந்த முடிவால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் அரசு மாறவில்லை. அப்போதைய இரண்டு முதல்வர்களும் நண்பர்கள் என்று மேடையில் சொன்னார்கள். நல்லது. அந்த நட்பு மணக்கடவு வரைக்கும் வர வேண்டும். எம்.பி.யால் டெல்லியில் கேள்வி கேட்க முடியும், இரண்டு பக்கத்தையும் உட்கார வைக்க முயல முடியும். ஆலத்தூர் எம்.பி.யும் பொள்ளாச்சி எம்.பி.யும் இன்று ஒரே எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக மனு தயார் செய்து கடையில் வைத்திருக்கிறேன், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் வரலாம், காசு வேண்டாம்.

எனக்குக் கோவையிலும் பெயர் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். தெரிந்தே இரண்டு இடத்தில் பொய்யாக உறுதி கொடுத்துச் சேர்த்தால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இரண்டு இடத்திலும் போட்டால் இரண்டு ஓட்டும் செல்லாது. கல்யாணமாகி வந்த பெண்களுக்கும், வேலைக்காக வீடு மாறினவர்களுக்கும் தெரியாமலே இப்படி ஆகிவிடுகிறது. வீடு மாறியதற்குப் படிவம் 8, பெயர் நீக்கப் படிவம் 7. எங்கே நிரந்தரமாக இருக்கிறீர்களோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 26 அன்று எங்கள் பூத்தில் ஒருவரை நிறுத்திவிட்டார்கள். விரலில் ஒரு வாரத்துக்கு முந்தைய மை. தேங்காய் நார் கம்பெனியில் வேலை, கறையென்று சொல்லிப் பார்த்தார். ஆபீசர் விடவில்லை.

எங்கள் பூத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று பார்க்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்குமான கணக்கு படிவம் 20 என்ற பெயரில் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வரும். உங்கள் பூத் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருகிறேன். யார் யாருக்குப் போட்டார் என்று அதில் தெரியாது, பயப்பட வேண்டாம். மொத்தம்தான் இருக்கும்.

எண்பது தாண்டிய எங்கள் பக்கத்து வீட்டு ஆத்தா, போன வாரம் பென்ஷன் பாரம் நிரப்ப வந்தவர், "நாம் போட்ட ஓட்டு எங்க சாமி போச்சு?" என்று கேட்டார். பழைய தேர்தலின் தாள் ஒன்று கையில் இருந்தது. எங்கள் பூத் வரியைக் காட்டி, இந்த எண்ணுக்குள் உங்களுடையதும் இருக்கிறது, ஆத்தா என்றேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு அந்த வரிசையில் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். ஒரு கட்டத்தில் விரல் நின்றது. எந்தக் கட்டம் என்று நான் பார்க்கவில்லை.